ஊஃபர் பெட்டியை எங்கே வைப்பது?

இந்த மாத அறிவியல் பகுதிக்கு "ஒலி" பாடத்திலிருந்து ஏதாவது எழுதச் சொன்னார் டீச்சர். எங்க வீட்டிலேயே பத்து நாளாக ஒலிப் பாடம்தான் நடந்தது. அதையே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்க சித்தப்பா இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவில் வருவார். இந்தத் தடவை வந்ததும் ஹோம் தியேட்டர் ஒன்று வாங்கினார். ஐந்து சின்ன ஸ்பீக்கர், கூடவே ஒரு பெரிய மரப்பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பெயர் சப்ஊஃபர். மேளம், டிரம் மாதிரி கனமான சத்தம் எல்லாம் அதிலிருந்துதான் வரும். டிவி ஸ்டாண்டு மூலையில் இருப்பதால் பெட்டியையும் அந்த மூலையிலேயே வைத்தார். ஹாலுக்கு நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாட்டு போட்டால் மேளச் சத்தமே இல்லை! எப்போதாவது "ஊம்" என்று ஒரே சுருதியில் இழுத்தது. "சவுண்டே வரலையே" என்று வால்யூமைக் கூட்டினார்.

அதே நேரம் பின்பக்க மூலையில் கட்டிலில் படுத்திருந்த அப்பத்தா, "டேய், நெஞ்சுக்குள்ள வந்து இடிக்குதுடா, நிறுத்துடா" என்று கத்தினார். அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிடுகிடு என்று ஆடின. சித்தப்பாவுக்கோ ஒன்றும் கேட்கவில்லை. அப்பத்தா சும்மா சொல்கிறார் என்று நினைத்தார்.

வாங்கிய கடையில் கேட்டதற்கு, பெட்டி சின்னது, இன்னும் ஆறாயிரம் கொடுத்தால் பெரிதாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். சித்தப்பா சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதைக் கேட்ட அப்பத்தா, "நீ ஊருக்குப் போற வரைக்கும் நான் திருமயத்துல மக வீட்டுல இருந்துக்கிறேன்" என்று பையை எடுத்து வைத்துவிட்டார். மகன் வருவதே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் முதலில் கேட்ட கேள்வி, "உங்க ஹால் எத்தனை அடிக்கு எத்தனை அடி?" என்பதுதான்.

அளந்தேன். நீளம் 16 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. கான்கிரீட் வீடு, நாலு பக்கமும் சிமெண்ட் சுவர்.

ஒலி காற்றில் ஒரு நொடிக்கு சுமார் 344 மீட்டர் போகும். இந்த வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். இது பாடத்தில் படித்ததுதான். விசில் சத்தம் மாதிரி 3440 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 10 செ.மீ. ஆனால் ஊஃபரில் வரும் 40 ஹெர்ட்ஸுக்கு 8.6 மீட்டர், அதாவது 28 அடி! எங்க ஹாலே 16 அடிதான். அலை அறையை விடப் பெரியது. அதனால் அது பெட்டியிலிருந்து கிளம்பி நேராகக் காதுக்கு வந்து முடிந்துவிடுவதில்லை. சுவரில் மோதித் திரும்பி, போகிற அலையும் வருகிற அலையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. இதற்கு நிலை அலை என்று பெயர்.

டீச்சர் இதற்குச் சொன்ன உதாரணம் மாடு தண்ணி குடிக்கிற நீளத் தொட்டி. தொட்டித் தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? இந்த ஓரத்தில் ஏறும்போது அந்த ஓரத்தில் இறங்கும். பிறகு மாறி ஏறி இறங்கும். ஆனால் தொட்டியின் நடுவில் மட்டம் மாறவே மாறாது. நான் வீட்டுக்கு வந்து எங்க தொட்டியில் செய்து பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. அறைக்குள் காற்றின் அழுத்தமும் அதே மாதிரிதான். சுவர் ஓரத்தில் அதிகமாக ஏறி இறங்கும், நடுவில் அசையாது. நம் காது அழுத்தம் மாறுவதைத்தான் கேட்கிறது. அப்போ நட்டநடுவில் உட்கார்ந்த சித்தப்பாவுக்கு எப்படிக் கேட்கும்?

எந்த அதிர்வெண்ணில் இப்படி ஆகும் என்று கணக்கு போடலாம். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 16 அடி என்றால் 4.88 மீட்டர். 344 ÷ 9.76 = 35 ஹெர்ட்ஸ். அகலம் 10 அடி, 3.05 மீட்டர். 344 ÷ 6.1 = 56 ஹெர்ட்ஸ். உயரமும் 10 அடி என்பதால் அதுவும் அதே 56. அகலமும் உயரமும் சமமாக இருப்பது நல்லதில்லையாம், ஒரே சுருதி இரண்டு பங்காக ஏறிவிடும். வீடு கட்டும்போது யார் இதை எல்லாம் பார்க்கிறார்கள்!

டிரம் அடியின் கனம் எல்லாம் இந்த 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இருக்கிறது. நாற்காலி இருந்த இடத்தில் 35ம் இல்லை, 56ம் பாதிக்கு மேல் இல்லை. ஆனால் 35க்கு இரண்டு மடங்கான 70 ஹெர்ட்ஸ் நடுவில் பலமாக இருக்கும். சித்தப்பாவுக்குக் கேட்ட "ஊம்" அதுதான். மூலையில் என்ன ஆகும் என்றால், நீள அலை, அகல அலை, உயர அலை மூன்றுமே அங்கே உச்சத்தில் இருக்கும். பெட்டி ஒரு மூலையில், அப்பத்தா இன்னொரு மூலையில். அப்பத்தா சும்மா சொல்லவில்லை.

அறைக்கென்று ஒரு சுருதி உண்டு என்பதை நாம் சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா போனபோதே பார்த்திருக்கிறோம். அறிவர் கோயிலில் ஓவியங்களைப் பார்த்துவிட்டு உள் அறைக்குள் நின்று "ம்ம்ம்" என்று முனகிப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சார் தடித்த குரலில் மெதுவாகச் சுருதியை மாற்றிக்கொண்டே வந்தபோது ஓர் இடத்தில் அறையே சேர்ந்து முனகியது. நம் கீச்சுக் குரலுக்கு அவ்வளவு இல்லை. பாறையைக் குடைந்த அந்தச் சதுர அறை ஒரு பக்கத்துக்கு சுமார் ஒன்பதரை அடி. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 59 ஹெர்ட்ஸ், அதன் இரண்டு மடங்கு கிட்டத்தட்ட 119. அது ஆண் குரலுக்கு எட்டுகிற சுருதி.

சரி, பெட்டியை எங்கே வைப்பது? ஒவ்வோர் இடமாகப் பெட்டியைத் தூக்கி வைத்து, நாற்காலிக்கு ஓடி வந்து கேட்டுப் பார்த்தால் இடுப்பு ஒடிந்துவிடும். இதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. பெட்டியை நாற்காலி மேலே வைத்துவிட்டு நாம் தரையில் தவழ்ந்து போய்க் கேட்க வேண்டும்! எந்த இடத்தில் நன்றாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், நாற்காலியில் அதே மாதிரி கேட்கும். ஒலி எழும்பும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் வித்தியாசம் வராது என்பது விதி. இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபு இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஒலியைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் முதல் பாகம் 1877இல் வந்தது.

முதலில் நாற்காலியை நடுவிலிருந்து இரண்டரை அடி பின்னால் தள்ளி, ஓர் அடி பக்கவாட்டிலும் நகர்த்தினேன். அதன் மேல் பெட்டியை ஏற்றினோம். டிரம் நிறைய வருகிற ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு நான் தவழ ஆரம்பித்தேன். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். தம்பியும் பின்னாலேயே தவழ்ந்து வந்தான், அவனுக்கு விளையாட்டு. டிவி மூலையில் சத்தம் பயங்கரம், ஆனால் எல்லாம் குழம்பிப் போய் ஒரே இரைச்சல். அகலச் சுவரின் நடுவில் சப்பென்று இருந்தது. வாசல் பக்கம் கதவு திறந்திருந்ததால் ஒன்றுமே இல்லை. இடது பக்க நீளச் சுவர் ஓரமாக, மூலையிலிருந்து ஐந்தடி தள்ளி வந்தபோது ஒவ்வோர் அடியும் தனித்தனியாக "தும், தும்" என்று கேட்டது. அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டேன். பிறகு சித்தப்பாவும் தவழ்ந்து பார்த்தார். அவரும் அதே வட்டத்தில்தான் வந்து நின்றார்.

பெட்டி டிவி பக்கத்தில் இல்லாமல் சுவர் ஓரத்தில் இருந்தால் சத்தம் அங்கிருந்து வருவது தெரியாதா என்று அண்ணன் கேட்டான். தெரியாது. நம் இரண்டு காதுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்தான். பல அடி நீளமுள்ள அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அந்த ஒரு சாணை வைத்துக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். சின்ன ஸ்பீக்கர்களை மட்டும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும்.

இதற்கு முன்னாலேயே சித்தப்பா சுவரில் போர்வை தொங்கவிட்டுப் பார்த்தார், முட்டை அட்டை ஒட்டலாம் என்றும் சொன்னார். அதெல்லாம் கீச்சுச் சத்தத்தைத்தான் குறைக்கும். 28 அடி அலைக்குப் போர்வை எம்மாத்திரம்?

இன்னொரு விஷயம். நம்ம ஊர்த் திருவிழாவில் குழாயை மரத்தில் கட்டுகிற மைக்செட்காரர், பெரிய பேஸ் பெட்டிகளை மட்டும் ஏன் தரையில் சேர்த்து அடுக்குகிறார்? திறந்த வெளியில் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. தரை ஒன்றுதான் இருக்கிறது, அதையாவது விடக்கூடாதே! வீட்டுக்குள் ஆறு பக்கமும் சுவர் மாதிரிதான். அதனால் சின்னப் பெட்டியே போதும்.

அப்பத்தாவின் கட்டிலையும் மூலையிலிருந்து மூன்றடி நகர்த்தினோம். பெட்டிக்கு அடியில் பழைய சைக்கிள் டயரை வெட்டி நாலு துண்டு வைத்ததில் தரை அதிர்வது குறைந்தது. முன்னே 30இல் வைத்த வால்யூம் இப்போது 18 போதும். இரவு 10 மணிக்கு மேல் போடுவதில்லை. அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு.

கடைக்குப் போன் செய்து பெரிய பெட்டி வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அப்பத்தாவின் பை இன்னும் கட்டில் அடியில்தான் இருக்கிறது, ஆனால் துணிமணியை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டார். எவர்சில்வர் தட்டு மட்டும் ஒரு பாட்டுக்கு இன்னும் ஆடுகிறது. அது எந்த ஹெர்ட்ஸ் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

உங்களுக்கு ஒரு கணக்கு: நம் வகுப்பறை 20 அடிக்கு 20 அடி. 1 அடி = 0.305 மீட்டர். இந்த அறையின் சுருதி எத்தனை ஹெர்ட்ஸ்? நடு பெஞ்சில் இருப்பவர்களுக்கு எந்தச் சத்தம் குறையும்? விடையை எழுதி அறிவியல் டீச்சரிடம் கொடுங்கள். சரியான விடை அடுத்த மாத இதழில்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி