நிறத்தைப் பார்த்துச் சோதனை: சரியா?

நம்ம ஒர்க்‌ஷாப்பில் பத்து லேத் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் மூன்றாம் நம்பர் லேத் ஜாப்களையே பொறுக்கிப் பொறுக்கி கேஜ் போட்டுப் பார்க்கிறார். ரிஜெக்ட் எல்லாம் யார் கணக்கில் ஏறும்? "பார்த்தீங்களா, அந்த மெஷினே மோசம்" என்று நாளைக்கு அதையே இன்னும் அதிகமாகப் பார்ப்பார். நியூயார்க் போலீஸ் பல வருஷம் செய்தது ஏறக்குறைய இதைத்தான். அங்கே நின்றது மனுஷன்.

நியாயமான சந்தேகம் இருந்தால் போலீஸ் ஒருவரைத் தெருவில் நிறுத்தலாம், ஆயுதம் இருக்கும் என்று நினைக்கக் காரணம் இருந்தால் உடம்பைத் தடவிப் பார்க்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968-ல் டெர்ரி வழக்கில் சொன்னது. சந்தேகம் ஆளின் செய்கையைப் பார்த்து வர வேண்டும்.

நியூயார்க்கில் 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 44 லட்சம் தடவை ஆட்களை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாரம். அதில் 'திருட்டுத்தனமான அசைவு' என்று ஒரு கட்டம். 42 சதவீத பாரங்களில் அதற்கு டிக். (போலீஸ் திடீரென்று எதிரே வந்தால் நாமும்தான் திருதிருவென்று முழிப்போம்!) நிறுத்தப்பட்டதில் 83 சதவீதம் கறுப்பரும் ஹிஸ்பானியரும், ஜனத்தொகையில் இவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். 100-க்கு 88 தடவை கைதும் இல்லை, சம்மனும் இல்லை, "போ" என்று விட்டுவிட்டார்கள். ஆயுதம் கிடைத்தது கறுப்பரிடம் 1.0 சதவீதம், வெள்ளையரிடம் 1.4. அதாவது வெள்ளையரை நிறுத்த ஓரளவு காரணம் தேவைப்பட்டது; கறுப்பருக்கு அதைவிடக் குறைந்த காரணமே போதும்.

"குற்றம் குறைஞ்சா சரிதானேடா, தடவிப் பார்த்தா தேஞ்சா போயிடுவான்?" என்று ஹாஸ்டலில் ஒரு நண்பன் கேட்டான். 2013 ஆகஸ்டில் இந்த முறை அரசியல் சட்டத்துக்கு விரோதமாக நடந்தது என்று தீர்ப்பளித்த நீதிபதி ஷிரா ஷைண்ட்லின், பலன் உண்டா என்பது தன் முன் உள்ள கேள்வியே அல்ல என்றார். மிரட்டி வாங்கும் வாக்குமூலமும் உபயோகப்படலாம். அதற்காக யாரும் அதை அனுமதிப்பதில்லை.

பலன் கணக்கைப் பார்த்தாலும், 2011-ல் 6,85,724 நிறுத்தம், 515 கொலை. 2017-ல் நிறுத்தம் 12,000-க்கும் கீழே, கொலை 292. ஆனாலும் நான் இதைப் பிடித்துக்கொண்டு வாதாட மாட்டேன். எண்கள் வேறு மாதிரி வந்திருந்தால் நியாயமும் மாறியிருக்குமா?

நண்பனிடம் நான் கேட்டது வேறு. அந்த 88-ல் ஒருத்தன், தப்பு ஏதும் செய்யாதவன், தெருவே பார்க்கச் சுவரில் கை வைத்து நின்றிருக்கிறான். அடுத்த வாரம் பக்கத்து வீட்டில் நிஜமாகவே களவு போகிறது. சாட்சி கேட்டு அதே போலீஸ் வந்து தட்டினால் கதவைத் திறப்பானா?