அடுப்பில்லா எலுமிச்சை இனிப்பு

வடலூர் என்றதும் அடுப்புதான் நினைவுக்கு வரும். 1867ஆம் ஆண்டு சத்திய தருமச்சாலையில் வள்ளலார் மூட்டிய அடுப்பு, இன்றும் அணையாமல் பசித்தோருக்குச் சோறளிக்கிறது. அத்தகைய ஊரில் அடுப்பே மூட்டாத இனிப்பைப் பற்றிப் பேசுகிறோமே என்று நகைக்க வேண்டாம். இதிலும் நாம் கற்க வேண்டியது உண்டு.

முதல் அடுக்கு: மேரி பிஸ்கட் 100 கிராம், ஒரு கைப்பிடி பண்ருட்டி முந்திரி ஆகியவற்றைப் பொடித்து, இளகிய வெண்ணெய் 50 கிராம் சேர்த்துப் பிசைந்து, ஆறு கிண்ணங்களின் அடியில் அழுத்த வேண்டும்.

இரண்டாம் அடுக்கு: துணியில் கட்டி நீர் வடித்த தயிர் 250 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், இரண்டு எலுமிச்சம்பழச் சாறு ஆகியவற்றைக் கலந்து ஊற்ற வேண்டும்.

மேலே துருவிய எலுமிச்சைத் தோலைத் தூவி, குளிர்ப்பெட்டியில் நான்கு மணி நேரம் வைக்க வேண்டும்.

காய்ச்சாமலே இது கெட்டியாவது எப்படி? எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்தை ஒன்றுதிரட்டுகிறது. பால் திரிந்து பனீர் ஆவதும் இவ்வாறே.

இனி சத்தைப் பார்ப்போம். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயால் வாடிய மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணம் கண்டார். அதற்குக் காரணம் வைட்டமின் ‘சி’ என்பது பிற்காலத்தில் தெரிந்தது. சூட்டில் அழியும் இச்சத்து, அடுப்பில் ஏற்றாத இவ்வினிப்பில் பெரும்பாலும் தங்கும். ஆனால் எவ்வளவு? 100 கிராம் சாற்றில் ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிகிராம். இரு பழச் சாற்றை ஆறு பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு ஐந்து மில்லிகிராம் அளவே கிடைக்கும். சர்க்கரையோ, பிஸ்கட்டில் உள்ளதையும் கூட்டினால், கிண்ணத்துக்கு 15 கிராமுக்குக் குறையாது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நலம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தயிரால் கிடைப்பது உண்மையே.

இதனை நாம் கணக்கிட்டுப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க வைட்டமின் ‘சி’ துணை செய்யும். பாலும் தேநீரும் தடை செய்யும். ஆகவே இவ்வினிப்பைத் திருநாளுக்கு வைத்துக்கொள்வோம். அன்றாடம் முருங்கைக்கீரைச் சோற்றுடன் ஒரு கொய்யாவோ நெல்லிக்கனியோ உண்போம். சுண்டலில் எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிவோம். தாய்மார்களே, உங்கள் பெண்மக்களின் தட்டில் இதனை மறவாதீர்கள்.