மலைபடுகடாமும் மலைப்பள்ளி வகுப்பறையும்: சேர்வராயன் மலைச் சூழலில் செய்யுள் கற்பித்தல்

பள்ளிகளில் செய்யுட்பாடம் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடைபெறுகிறது. ஆசிரியர் பாடலைப் படித்துக்காட்டுகிறார். அருஞ்சொற்பொருள் கரும்பலகையில் எழுதப்படுகிறது. பாடலின் கருத்து உரைநடையாகச் சொல்லப்படுகிறது. மனப்பாடப் பகுதி குறிக்கப்படுகிறது. பாடலில் இடம்பெறும் பொருள்களை மாணவர் அறியார் என்னும் எண்ணமே இம்முறைக்கு அடிப்படை. அப்பொருள்களை ஆசிரியரைவிட மாணவர் நன்கறிந்திருக்கக்கூடிய ஓரிடத்தில் இம்முறை என்னவாகிறது என்பதை ஏற்காட்டையும் அதனைச் சூழ்ந்த சேர்வராயன் மலைச் சிற்றூர்களையும் முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சேர்வராயன் மலையின் தொல்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் கேரளத்தாரைச் சுட்டுவதன்று. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளது. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்னும் இவர்களது மரபு நம்பிக்கையை 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பதிவு செய்துள்ளது. இவர்களுடைய தாய்மொழி தமிழே. எனவே இங்குள்ள சிக்கல் வேற்றுமொழியாளருக்குத் தமிழ் கற்பிக்கும் சிக்கல் அன்று. தமிழ்ச் செய்யுளைத் தமிழ் பேசும் மலைமகனுக்கு அந்நியமாக்கிவிடும் சிக்கலாகும்.

2019-20 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் மலைபடுகடாத்தின் ஒரு பகுதியைச் செய்யுட்பாடமாகக் கொண்டுள்ளது. கூத்தர்க்கு மலைவாழ் மக்கள் அளிக்கும் விருந்தைக் கூறும் பகுதி அது. ‘இறடி’ என்பதற்குத் தினை என்றும், ‘பொம்மல்’ என்பதற்குச் சோறு என்றும் பொருள் எழுதப்பட்டவுடன் பாடம் அடுத்த அடிக்குச் சென்றுவிடுகிறது. உண்மையில் பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுவே. தினையும் சாமையும் கேழ்வரகும் கிழக்குத்தொடர்ச்சி மலை மக்களின் உணவாக இருந்தவை. தினைச்சோறு எவ்வாறு ஆக்கப்படும், தினையை உரலில் இடித்தவர் யார், இன்று வீட்டில் அது ஏன் அரிதாயிற்று என்னும் வினாக்களுக்கு ஏற்காட்டு மாணவர் தம் பாட்டியிடம் விடை பெறலாம். பாடல்தலைவனாகிய நன்னனின் செங்கம் நாடும் இதே மலைத்தொடரைச் சார்ந்தது. அதனை அடுத்த சவ்வாது மலையிலும் மலையாளிகள் வாழ்கின்றனர். பாடல் தமக்கு அயலான நிலத்தைப் பற்றியதன்று என மாணவர் உணர இச்செய்தி ஒன்றே போதும்.

மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்ததால் நூல் இப்பெயர் பெற்றது. பெயர்க்காரணமான ஓசைப்பகுதி பள்ளிப் பாடத்தில் இடம்பெறவில்லை என்பது வருந்தத்தக்கது. அருவியின் ஒலி, தினை குறும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கிளி ஓட்டும் குரல், வேங்கைப்பூ பறிப்போர் ஆரவாரம், புலியால் புண்பட்ட கணவரின் புண் ஆறப் பெண்கள் பாடும் பாட்டு, கரும்பாலையின் ஓசை எனப் பெருங்கௌசிகனார் காதால் ஒரு மலையைக் கட்டி எழுப்புகிறார். கண்ணால் கண்டதை அடுக்கும் வருணனைகள் நமக்குப் பழக்கமானவை. கேட்டவற்றை மட்டும் அடுக்கி ஒரு நிலத்தைத் தோற்றுவிக்கும் இம்முறை அரியது. ஏற்காட்டு மாணவரிடம் விடியற்காலை கேட்ட ஓசைகளைத் தொகுத்து வரச் சொன்னால், கொண்டை ஊசி வளைவில் பேருந்து எழுப்பும் ஒலியும், காப்பித் தோட்டத்தில் ஆளழைக்கும் குரலும், காட்டெருமை வந்ததென ஊரார் எழுப்பும் கூச்சலும் அத்தொகுப்பில் வரக்கூடும். அதன்பின் ஓசைப்பகுதியை ஆசிரியர் உரக்கப் படிப்பாராயின், சொற்பொருள் முழுதும் விளங்காத நிலையிலும் செய்யுளின் அமைப்பு அவர்களுக்குப் பிடிபடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மலைப்பள்ளி மாணவரைச் சங்ககாலக் குறவரின் எச்சமாகக் கருதி வகுப்பில் காட்சிப்பொருளாக்குவது பிழை. இன்றைய ஆய்வுகள் சிலவற்றிலும் இப்போக்கு உண்டு. இம்மலை பழைய குறிஞ்சி அன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் காப்பி இம்மலைக்கு வந்தது. காப்பிக்கு நிழல்தரும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது; அதன்மேல் மிளகுக்கொடி படர்கிறது. சன்னலுக்கு வெளியே பார்த்துக் குறிஞ்சிக் கருப்பொருளை எழுதச் சொன்னால் மாணவர் காப்பியையும் சில்வர் ஓக்கையும் எழுதுவர். அட்டவணையை விடைக்குறிப்பாகக் கொண்ட திருத்துநர் அவ்விடைக்கு மதிப்பெண் தரமாட்டார்.

அவ்விடை பிழையா? தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என எண்ணிவிட்டு, அவ்வகைப் பிறவற்றையும் கருப்பொருளாகக் கொள்ளுமாறு பட்டியலைத் திறந்தே வைத்தார். மூடியது பிற்கால அட்டவணைதான். திணை என்பது இலக்கிய மரபேயன்றி நிலவியல் அன்று என்று மறுப்பாரும் உளர். சங்கப்பாடலைப் பொருள்கொள்ளும் அளவில் அக்கூற்று சரியே. ஆங்கு வேங்கை இருக்குமிடத்தில் சில்வர் ஓக்கை வைக்க இயலாது. ஆயின் மாணவர் தாமே எழுதும் கவிதைக்கு அத்தடை பொருந்தாது.

இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் உள்ளுறை உவமம். தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு அது பிறக்கும் என்பது தொல்காப்பிய விதி. அட்டவணை முருகனைக் குறிக்க, மலையில் சேர்வராயன் வழிபடப்படுவதால் எழும் குழப்பம்கூட இங்குத் தடையாவதில்லை. கோடைமழை பெய்த சில நாளில் காப்பிச்செடி முழுதும் வெண்பூ மலர்ந்து விரைவில் உதிர்வதை மாணவர் அறிவர். அப்பூவைமட்டும் சொல்லி, ஊருக்கு வந்து உடனே திரும்பிவிட்ட அண்ணனைச் சொல்லாமல் சொல்லுமாறு நான்கு வரி எழுதப் பணிக்கலாம். எழுதிய பின்னர் இலக்கணப் பெயரைக் கற்பித்தால் அது மனப்பாடச் சுமையாவதில்லை; தாம் செய்ததற்குத் தொல்காப்பியர் இட்ட பெயராகவே மாணவர்க்குத் தோன்றும். இப்பயிற்சிக்கு இரண்டு பாடவேளைகள் தேவைப்படும். இன்றைய வினாத்தாளில் இதற்கெனத் தனி மதிப்பெண் இல்லை.