அமில முகப்பூச்சுகள்: பாதுகாப்பான உற்பத்திக்கு வழி

கிளைக்காலிக், லாக்டிக் அமிலங்கள் தோலின் மேற்பரப்பிலுள்ள இறந்த செல்களின் பிணைப்பைத் தளர்த்தி உதிர்க்கின்றன. இவ்வமிலங்கள் கலந்த பூச்சுகளைப் பிறர் ஆலையில் செய்வித்துத் தம் பெயரில் விற்கும் சிறு நிறுவனங்கள் பல.

பூச்சின் வீரியத்தை அமிலத்தின் விழுக்காடு மட்டும் தீர்மானிப்பதில்லை. பி.எச். எனப்படும் அமில-காரக் குறியெண் 3.8 ஆக இருக்கையில், கிளைக்காலிக் அமிலத்தில் ஏறத்தாழப் பாதியே தனித்த அமிலமாக நிற்கும். எண் குறையக் குறைய அப்பங்கு உயரும், எரிச்சலும் மிகும். ஆகவே, '10 விழுக்காடு' எனக் குறிக்கப்பட்ட இரு புட்டிகள் ஒரே தன்மையன என்று கொள்வதற்கில்லை.

அமிலம் 10 விழுக்காட்டுக்கு மேற்படாமலும், குறியெண் 3.5-க்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும் என 1998-இல் அமெரிக்க வல்லுநர் குழு வரையறுத்தது. இவ்வமிலங்கள் வெயிலால் தோல் கன்றும் இயல்பை மிகுவிப்பதால், வெயில் காப்பையும் அக்குழு வலியுறுத்தியது.

இந்தியாவில் 1940-ஆம் ஆண்டுச் சட்டமும் 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளும் உற்பத்திக்கு உரிமத்தைக் கட்டாயமாக்குகின்றன. எனினும் உரிமம் ஒன்றே போதாது. ஒவ்வொரு தொகுதியின் குறியெண்ணையும் அளந்து பதிதல், சேமிப்பில் அது மாறுகிறதா எனச் சோதித்தல், உறையில் வெயில் எச்சரிக்கையை அச்சிடுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. தயாரிப்பவர் பிறரேயாயினும், வாங்குவோர் நம்புவது புட்டியின் மேலுள்ள பெயரையே.