பால் கொடுக்கும் தாய் வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

சிசேரியன் தையல் இழுக்கிறது. புரண்டு படுக்க முடியவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையோ பிரிக்காமல் கிடக்கிறது. "பால்ல இறங்கிடும்மா, பொறுத்துக்கோ" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது குழந்தை மேலுள்ள அக்கறையில்தான். ஆனால், வலியும் பதற்றமும் சுரந்த பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைத் தடுக்கும். தாய் வலி தாங்குவதால் குழந்தைக்கு ஒரு நன்மையும் இல்லை.

நம்பிக்கை: தாய் போடும் மாத்திரை அப்படியே குழந்தைக்குப் போய்விடும்.

உண்மை: கொஞ்சம் போகும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஐபுப்ரோஃபென் 99 சதவீதம் ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் பாலுக்குள் நுழைவது மிகச் சொற்பம். உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், தாய் எடுக்கும் அளவில் 1 சதவீதம்கூடக் குழந்தையைச் சேர்வதில்லை. பாராசிட்டமால் சற்றுக் கூடுதலாக இறங்கும். அதுவும் காய்ச்சல் கண்ட குழந்தைக்கே கொடுக்கும் சொட்டு மருந்தின் அளவைவிட மிகக் குறைவு. பாலூட்டும் தாய்க்கு முதல் தேர்வு இந்த இரண்டும்தான். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் ஐபுப்ரோஃபென் போடக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் மட்டுமே.

நம்பிக்கை: மாத்திரை போட்டால் அந்த வேளைப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும்.

உண்மை: இந்த இரண்டு மாத்திரைகளுக்கும் அது தேவையே இல்லை. ரத்தத்தில் மருந்து குறையக் குறைய, பாலில் இருப்பதும் ரத்தத்துக்கே திரும்பிவிடும். பால் கொடுப்பதைத் திடீரென நிறுத்தினால்தான் பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

நம்பிக்கை: வலி மாத்திரை எல்லாம் ஒன்றுதான்.

உண்மை: பயப்பட வேண்டிய இடம் இதுதான். கோடீன் என்ற வலி மருந்தைக் கல்லீரல் மார்ஃபினாக மாற்றுகிறது. சிலருடைய உடல் பிறப்பிலேயே இதை மிக வேகமாகச் செய்யும். அப்போது பாலிலும் மார்ஃபின் கூடும். டிரமடால் என்ற வலி மருந்திலும் இதே போன்ற சிக்கல் உண்டு. பாலூட்டும் தாய்மார்களுக்கு இரண்டும் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. நம் ஊரில் பாராசிட்டமாலும் டிரமடாலும் சேர்ந்த மாத்திரைகள் உண்டு. சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்கும்போதே "பால் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கோடீனோ டிரமடாலோ நீங்கள் ஏற்கெனவே எடுத்திருந்து, குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், பால் குடிக்கத் திணறினால், மூச்சு மெதுவானால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலிக்காக ஆஸ்பிரின் வேண்டாம். குழந்தைகளுக்கு ரேஸ் சிண்ட்ரோம் என்ற அரிய ஆபத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு. இதயத்துக்காகவோ ரத்தம் உறையாமல் இருப்பதற்காகவோ மருத்துவர் எழுதிய குறைந்த அளவு ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், எந்த மாத்திரையானாலும் குழந்தை மருத்துவரைக் கேட்ட பிறகே.