இசைவு எவருடையது?

நம் அரசியற் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டுவோர், மாநிலங்களுக்குரிய பட்டியலில் இரண்டாவதாகப் 'போலீஸ்' என்னும் சொல்லைக் காண்பர். ஒரு மாநிலப் போலீஸ் இன்னொரு மாநிலத்தில் அதிகாரம் செலுத்துவதானால், அம்மாநிலத்தின் இசைவு வேண்டும் என்பதும் அட்டவணையிலேயே உண்டு. இவ்வளவு தெளிவிருந்தும் பிணக்கு ஏன்? நாம் பயிலும் இப்புனே நகரின் இரு வழக்குகளை நோக்குவோம்.

2013 ஆகஸ்ட் 20 அன்று, காலையில் உலவச் சென்ற டாக்டர் நரேந்திர தாபோல்கர் ஓங்காரேசுவரர் கோயிலருகே சுட்டுக் கொல்லப்பட்டார். முதலில் உள்ளூர்ப் போலீஸ் துப்புத் துலக்கியது. 2014 மே மாதம் பம்பாய் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. சி.பி.ஐ. இயங்குவது 1946-ஆம் ஆண்டின் டில்லி விசேஷப் போலீஸ் சட்டத்தின் கீழ். அதன் 6-ஆவது பிரிவு மாநில இசைவைக் கோருகிறது. நீதிமன்றம் ஆணையிட்டால் மட்டும் அது வேண்டியதில்லை. 2024 மே 10 அன்று இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, மூவர் விடுதலையாயினர்.

மற்றது எல்கார் பரிஷத் வழக்கு. 2017 டிசம்பர் 31 அன்று சனிவார் வாடாவில் நடந்த கூட்டத்தையொட்டிப் புனே போலீஸ் அதைப் பதிந்தது. 2019 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் ஆட்சி மாறிற்று. விசாரணையை மறுபடி பார்க்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 2020 ஜனவரியில் மத்திய அரசு வழக்கை என்.ஐ.ஏ.விடம் மாற்றியது. எங்களைக் கேட்கவில்லையே என்றார் மாநில உள்துறை அமைச்சர். கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை என்பதுதான் உண்மை! மும்பைத் தாக்குதலின் சூட்டில் 2008-இல் இயற்றப்பட்ட என்.ஐ.ஏ. சட்டம் அவ்வாறு அமைந்தது. வழக்கு மும்பை நீதிமன்றத்துக்குப் பெயர்ந்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமியை 2020 அக்டோபரில் கைது செய்தது என்.ஐ.ஏ.தான். விசாரணை தொடங்கு முன்பே, 2021 ஜூலை 5 அன்று, தமது 84-ஆம் வயதில் காவற்கைதியாகவே அவர் இறந்தார்.

அதே 2020 அக்டோபரில் மகாராஷ்டிரம் சி.பி.ஐ.க்கு அளித்திருந்த பொது இசைவைத் திரும்பப் பெற்றது. 2022-இல் வேறோர் ஆட்சி அதை மீண்டும் வழங்கியது. 2023 ஜூனில் தமிழ்நாடும் திரும்பப் பெற்றது. இசைவு கட்சிக்குக் கட்சி மாறுவது மெச்சத்தக்கதன்று. ஆயினும் அந்தப் பூட்டு சி.பி.ஐ.யின் வாசலுக்கு மட்டுமே, என்.ஐ.ஏ. வரும் வாசலுக்கு மாநிலத்திடம் பூட்டே கிடையாது. அச்சட்டமே செல்லாதென்று 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சென்றது சத்தீஸ்கர் அரசு.