மின்சாரக் காரின் வரவும் செலவும்
பெங்களூர் அல்சூர்ப் பேட்டையை வைத்து ஓர் ஆய்வு

பெட்ரோலை எரித்து ஓடும் கார்களுக்குப் பதிலாக மின்சாரத்தால் ஓடும் கார்களை உபயோகிக்கலாமா என்னும் கேள்வி இன்று நகரங்கள்தோறும் எழுந்துள்ளது. மின்சாரக் கார் புகையே விடாதது என்று ஒரு சாராரும், புகை தெருவை விட்டு மின்நிலையத்துக்கு இடம் மாறியதேயன்றி வேறு பயனில்லை என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். இரு கூற்றுகளிலும் ஓரளவு உண்மை உண்டு. எவ்வளவு உண்மை என்பதை எளிய கணக்குகளால் அறியலாம். அக்கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு பேட்டையை எடுத்துக்கொண்டு ஆராய்வது பலன் தரும். பெங்களூரின் அல்சூர் இதற்குப் பொருத்தமான இடமாகும். சோமேசுவரர் கோயிலை அடுத்துக் குறுகிய பழைய கடைத்தெருக்களும் சந்துகளும் உள்ளன. ஏரிக்கு அண்மையில் அடித்தளத்தில் வண்டி நிறுத்த வசதி கொண்ட அடுக்கு மாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. பழைய சென்னைச் சாலையின் மேலாக 2011 அக்டோபர் 20 முதல் மெட்ரோ ரயில் ஓடிவருகிறது. மின்சாரக் காருக்கு ஏற்ற சூழ்நிலையும் ஏலாத சூழ்நிலையும் இங்கே அருகருகே காணப்படுகின்றன.

முன்வரலாறு

மின்சாரக் கார் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட பாட்டரியைப் பிரெஞ்சு விஞ்ஞானி பிளாண்டே 1859-ல் அமைத்தார். 1899-ல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் கடந்த கார் மின்சாரக் காரேயாகும். 1900-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் இருந்த கார்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மின்சாரத்தால் ஓடின. பின்னர் பெட்ரோல் மலிவாகக் கிடைக்கலாயிற்று. 1908-ல் வெளிவந்த ஃபோர்டு 'டி' மாதிரிக் கார் விலையைக் குறைத்தது. 1912-ல் காடிலாக் கார்களில் வந்த மின்துவக்கி, கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தைக் கிளப்பும் தொல்லையை நீக்கியது. இவற்றால் மின்சாரக் கார் பின்தங்கிப் போயிற்று. அதன் மோட்டாரில் குறையொன்றும் இல்லை; பாட்டரியின் கனமும் கொள்ளளவுக் குறைவுமே அதற்குத் தடையாயின.

அதே பாட்டரிச் சங்கடம் நூறாண்டுக்குப் பின் பெங்களூரிலும் தோன்றியது. 1994-ல் அந்நகரில் தொடங்கப்பட்ட ரேவா மின்சாரக் கார் நிறுவனம், சேத்தன் மைனியின் முயற்சியால் 2001-ல் ரேவா என்னும் சிறிய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஆறு வோல்ட் ஈய அமிலப் பாட்டரிகள் எட்டு இணைக்கப்பட்டு 48 வோல்ட் பெறப்பட்டது. கொள்ளளவு 200 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 9,600 வாட்-மணி, அதாவது 9.6 யூனிட் ஆகும். ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும் என்று கூறப்பட்டது. காரின் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பாட்டரிகளின் எடையாகவே இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாட்டரிகளை மாற்றும் செலவும் உடைமையாளரைச் சார்ந்தது. இக்கார் இலண்டனிலும் ஜி-விஸ் என்ற பெயரால் விற்கப்பட்டது. எனினும் உலகெங்கும் சில ஆயிரம் கார்களே விலைபோயின. 2010-ல் நிறுவனம் மகிந்திராவின் வசமாயிற்று.

இத்தடையைத் தளர்த்தியது லித்தியம் அயனி பாட்டரி. ஒரு கிலோ ஈய அமிலப் பாட்டரி 30 முதல் 40 வாட்-மணி சக்தியைச் சேமிக்கிறது. ஒரு கிலோ லித்தியம் அயனிக் கலம் 150 முதல் 250 வாட்-மணி வரை சேமிக்கவல்லது. 1991-ல் விற்பனைக்கு வந்த இக்கலத்தை உருவாக்கியதற்காக குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் நாட்டில் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் ஆய்வு நடத்திவருகிறது.

மின்சாரக் காரின் நன்மைகள்

பெட்ரோல் இயந்திரம் தனக்குக் கிடைக்கும் சக்தியில் சுமார் நாலிலொரு பங்கையே சக்கரத்துக்கு அளிக்கிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. மின்மோட்டாரோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பயன்படுத்துகிறது. பிரேக் போடும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, காரின் இயக்க சக்தியில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. வண்டி நிற்கும்போது மோட்டார் சுழல்வதில்லை. எனவே, அடிக்கடி நின்று நின்று செல்லவேண்டிய பெங்களூர்ச் சாலைகளில் மின்சாரக் காரின் மேன்மை மிகுகிறது.

அல்சூர்க் கடைத்தெரு போன்ற குறுகிய தெருக்களில் புகை விரைவில் கலைவதில்லை. கடைக்காரரும், பள்ளிக்குச் செல்லும் சிறுவரும், போக்குவரத்துக் காவலரும் அதையே சுவாசிக்கின்றனர். கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தெருவிலேயே வெளிப்படாமல் போவது பெரும் நன்மை. எனினும் டயர் தேய்மானத் தூளும், சாலையிலிருந்து கிளம்பும் புழுதியும் மின்சாரக் காராலும் உண்டாகின்றன.

கரியமில வாயுக் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. நகர நெரிசலில் ஒரு சிறிய கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். அப்போது கிலோமீட்டருக்கு 192 கிராம் வாயு வெளியாகிறது.

அதே அளவுள்ள மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் தேவை என்க. கம்பிகளில் 15 சதவீதம் இழப்பு ஏற்படுமாயின், மின்நிலையத்தில் 0.176 யூனிட் உற்பத்தியாக வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே கிலோமீட்டருக்கு 124 கிராம். பெட்ரோல் காரைவிட 68 கிராம் குறைவு.

ஆனால் பாட்டரியைத் தயாரிக்கும்போதே வாயு வெளிப்பட்டுவிடுகிறது. யூனிட் கொள்ளளவுக்கு 80 கிலோ என்று கொண்டால், 30 யூனிட் பாட்டரிக்கு 2,400 கிலோ ஆகிறது. கிலோமீட்டருக்கு 68 கிராம் வீதம் இக்கடனைத் தீர்க்கச் சுமார் 35,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓடும் காருக்கு மூன்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலம் போதும். நாளுக்குப் பத்தே கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறத்தாழ பத்தாண்டு பிடிக்கும்.

மேலும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நெரிசலற்ற சாலையில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் 115 கிராமே வெளிவிடுகிறது. அதனோடு ஒப்பிட்டால் மேற்சொன்ன 124 கிராம் லாபமாகாது. இரண்டாவது, கார் முற்றிலும் சூரிய மின்சாரத்தால் மின்னேற்றப்பட்டால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 192 கிராம் முழுவதும் மிச்சமாகி, பாட்டரிக் கடன் 12,500 கிலோமீட்டரிலேயே தீர்ந்துவிடும். பெட்ரோல் சுத்திகரிப்பிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வெளியாகும் வாயு இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

கர்நாடகத்தில் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 1902-ல் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. 1905-ல் பெங்களூரின் தெருவிளக்குகள் அதனால் எரிந்தன. இன்று பாவகடாவிலுள்ள 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா அம்மாநிலத்தின் பெருமைகளுள் ஒன்று. ஆயினும் சூரிய மின்சாரம் பகலில்தான் கிடைக்கிறது; கார்களோ பெரும்பாலும் இரவில் வீட்டில் மின்னேற்றப்படுகின்றன. அலுவலகங்களில் பகல் நேரத்தில் மின்னேற்ற வசதி செய்தால் இம்முரண்பாடு குறையும்.

பணக் கணக்கு

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்குப் பெட்ரோல் காருக்கு 8 ரூபாய் 33 காசும், மின்சாரக் காருக்கு 1 ரூபாய் 20 காசும் செலவாகும். மிச்சம் ஏழு ரூபாய்க்குச் சற்று மேல். மின்சாரக் காரின் விலை நான்கு லட்சம் ரூபாய் கூடுதலாக இருப்பின், நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுபவர் அதை ஐந்தாண்டில் ஈட்டிவிடுவார். பத்துக் கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பதினைந்தாண்டு ஆகும். அதற்குள் பாட்டரியே மூப்படைந்துவிடலாம். ஆதலால் நாள் முழுதும் ஓடும் வாடகைக் கார்களுக்கும் ஆட்டோக்களுக்கும் மின்சாரம் முதலில் பொருந்துகிறது. வாரம் ஒருமுறை வெளியே எடுக்கப்படும் சொந்தக் காருக்கு அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

மின்னேற்றும் இடம்

அல்சூரின் இரண்டு முகங்கள் இங்கேதான் வேறுபடுகின்றன. அடுக்கு மாடியில் குடியிருப்பவர் தம் காரை அடித்தளத்தில் நிறுத்தி, மூன்று கிலோவாட் தரும் செருகியில் இணைத்துவிட்டு உறங்கலாம். 30 கிலோமீட்டர் பயணத்துக்கு வேண்டிய நாலரை யூனிட் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடும். கோயிலை அடுத்த சந்தில் வசிப்பவருக்கோ வாசலில் காரை நிறுத்தவே இடமில்லை. மாடியிலிருந்து நடைபாதையின் குறுக்கே மின்கம்பியைத் தொங்கவிடுவது ஆபத்தானது. அதை எவ்விதத்திலும் அனுமதிக்கக் கூடாது. இத்தகைய வீட்டினர் பொது மின்னேற்று நிலையத்தையே நம்பியிருக்க வேண்டும்.

கர்நாடக அரசு 2017-ல் மின்வாகனங்களுக்கும் சக்திச் சேமிப்புக்கும் தனிக் கொள்கை வகுத்தது. இந்திய மாநிலங்களுள் இவ்வகையில் அதுவே முதலாவது. பெஸ்காம் என்னும் பெங்களூர் மின்விநியோக நிறுவனம் பொது மின்னேற்று நிலையங்களை அமைத்துவருகிறது. அவை சந்துவாசிகளுக்கு நடக்கும் தூரத்தில் அமையாவிடில், மின்சாரக் காரின் பயன் இடவசதி உள்ளவர்களோடு நின்றுவிடும்.

மின்விநியோகத்தையும் கருத வேண்டும். ஒரு தெருவில் 40 கார்கள் மாலை ஏழு மணிக்கு ஒருசேர இணைக்கப்பட்டால் 120 கிலோவாட் பளு ஏற்படும். அவற்றுக்கு வேண்டியது மொத்தம் 180 யூனிட்டே. அதை இரவு எட்டு மணி நேரத்தில் பரவலாக ஏற்றினால் 22.5 கிலோவாட் போதும். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றே; நேரத்தைப் பங்கிடுவதால் பளு ஐந்திலொரு பங்குக்கும் கீழே இறங்குகிறது.

மூலப்பொருளும் கழிவும்

ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 0.13 கிலோ லித்தியம் என்றால், 30 யூனிட் பாட்டரிக்குச் சுமார் 4 கிலோ வேண்டும். கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் சுமார் 1,600 டன் லித்தியம் இருக்கலாமென்று 2021-ல் தெரிவிக்கப்பட்டது. அது முழுவதும் எடுக்கப்பட்டாலும் நான்கு லட்சம் கார்களுக்கே காணும். பெங்களூரில் பதிவான கார்களோ இருபது லட்சத்துக்கும் மேல். ஆதலின் தேய்ந்த பாட்டரிகளிலிருந்து உலோகங்களை மீட்பது இன்றியமையாதது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இப்பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்துகின்றன. பழைய பாட்டரியைத் தெருவோரக் கடையில் உடைப்பது தீ விபத்துக்கும் நச்சுக்கும் வழி செய்யும். 2022-ல் மின்சார இருசக்கர வண்டிகள் சில தீப்பற்றிய பின் பாட்டரிச் சோதனை விதிகளும் கடுமையாக்கப்பட்டன.

முடிவாக

மின்சாரக் கார் தெருப் புகையைப் போக்குகிறது. சாலை நெரிசலைப் போக்குவதில்லை. பெட்ரோல் கார் அடைக்கும் இடத்தையே அதுவும் அடைக்கிறது. அல்சூரிலிருந்து மகாத்மா காந்தி சாலைக்குச் செல்பவருக்கு 750 வோல்ட் மின்சாரத்தால் ஓடும் மெட்ரோ ரயில் தலைக்குமேல் காத்திருக்கிறது. அதற்குப் பாட்டரியும் வேண்டாம், நிறுத்த இடமும் வேண்டாம். கார் இன்றியமையாத இடத்தில், அது நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுவதாகவும், மின்னேற்றப் பத்திரமான இடம் இருப்பதாகவும், பகல் மின்சாரம் கிடைப்பதாகவும் இருப்பின் மாற்றம் லாபமே. இம்மூன்றும் இல்லாவிடில் அவசரப்படுவதில் பயனில்லை.

பயிற்சிகள்

1. மாணவர்கள் தம் தெருவிலுள்ள கார்களை எண்ணி, அவற்றுள் எத்தனை வீட்டு எல்லைக்குள் நிறுத்தப்படுகின்றன, எத்தனை சாலையோரம் நிறுத்தப்படுகின்றன என்று அட்டவணை தயாரிக்கவும்.

2. ஓர் ஆட்டோ நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓடுகிறது. கிலோமீட்டருக்கு 0.07 யூனிட் தேவை. நாளொன்றுக்கு வேண்டிய யூனிட்டுகளையும், உள்ளூர்க் கட்டணப்படி அதன் செலவையும் கணக்கிடவும்.

3. யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயு 0.7 கிலோவிலிருந்து 0.4 கிலோவாகக் குறைந்தால், 30 யூனிட் பாட்டரியின் கடன் எத்தனை கிலோமீட்டரில் தீரும்?

4. களப்பணியாளர் தம் பகுதி டிரான்ஸ்ஃபார்மரின் திறனையும் மாலை நேரப் பளுவையும் மின்வாரியத்தாரிடம் கேட்டறிந்து, மேலும் எத்தனை கார்களை ஒரே நேரத்தில் இணைக்கலாம் என்று மதிப்பிடவும்.